மூங்கிலின் மறுமுனை

"யாருடா அது, காலைப் பாக்கறது?"

செந்தா மேம் இப்படிக் கத்தாத மாலை எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியில் கிடையாது. கூரை போட்ட கூடைப்பந்துத் திடலில், தரையில் சப்பணமிட்டு இரண்டு மூங்கில்களின் முனைகளைப் பிடித்திருக்கும் பையன் திருதிருவென்று விழிப்பான்.

"கால் ஆடறவளோடது. அவ பாத்துக்குவா. ஒனக்கு எதுக்க ஒக்காந்திருக்கான் பாரு, அவன் மூஞ்சியப் பாரு."

"அது பாக்கற மாதிரியா மேம் இருக்கு?"

"ஒன் மூஞ்சிய அவன் பாத்துக்கிட்டு இல்ல? அவன் படற கஷ்டத்தவிட ஒனக்கு என்ன பெருசு?"

தினிக்லிங், பிலிப்பைன்ஸின் லெய்ட்டே தீவுக்காரர்களான எங்கள் ஆட்டம். வயலில் மூங்கில் பொறிகளுக்குத் தப்பித் தாவும் திக்லிங் பறவையைப் பார்த்து ஆடியது என்பார்கள். மூன்று எண்ணும் தாளத்தில், ஒன்றில் மூங்கில்கள் ஒன்றோடொன்று மோதும். இரண்டிலும் மூன்றிலும் விலகித் தரைக்கட்டையில் தட்டும். மோதும்போது கால் வெளியே, விலகும்போது உள்ளே. ஆடுகிறவள் பாட்டைக் கேட்டுக் காலை வைக்கிறாள். மூங்கில் பிடித்தவன் அவள் காலைப் பார்த்துவிட்டால் ஐயோ பாவம் என்று மனசு இளகி, கண்ணிமைக்கும் நேரம் பொறுப்பான். அப்படிப் பிந்தி மோதும் மூங்கில், அடுத்த அடிக்கு உள்ளே வருகிற காலைச் சரியாகக் கவ்விக்கொள்ளும். முழு வேகத்தில் எலும்புகூடத் தாங்காது. அதனால்தான் செந்தா முதல் நாளே சொல்லிவிடுவாள்: "இரக்கப்பட்டீங்கன்னா ஒடச்சிடுவீங்க. மூங்கில் யாருக்காகவும் காத்திருக்கக் கூடாது."

முழுப்பெயர் ரொசெந்தா தபியோஸ். இருபத்தாறு வருஷம் ஆட்டம் கற்றுக்கொடுத்தவள், ஒருநாளும் மூங்கிலுக்கு நடுவே கால் வைத்ததில்லை. அவளுடைய பதினான்காவது வயதில், அப்போதிருந்த ஆசிரியை பெண்களை வரிசையில் நிறுத்திக் கண்ணாலேயே எடை போட்டாள். ஒல்லியானவர்களை ஒருபக்கம் ஒதுக்கிவிட்டு, இவளிடம், "நீ நல்லா தெம்பா இருக்கே, கீழ ஒக்காரு" என்றாள். பெரிய பாவாடை கட்டித் தோளில் துணி போட்டு ஆடப்போகிறோம் என்று ஒரு மாதமாகக் கனவு கண்டிருந்த பெண். அன்று வீட்டுக்குப் போய் அழுதாள், சோறு தின்னவில்லை.

மறுமுனையில் உட்கார வைக்கப்பட்டவன் சிப்ரியானோ. பனோய் என்று கூப்பிடுவார்கள். காது இரண்டும் திறந்த ஜன்னல் கதவு மாதிரி நிற்கும். அவனையும் ஆட்டத்துக்கு ஆகமாட்டான் என்று தள்ளியிருந்தார்கள். காலைப் பார்க்கக் கூடாது என்பது சட்டம். ஆகவே இரண்டு பேரும் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டே நாலு வருஷம் மூங்கில் தட்டினார்கள். நாலு வருஷம் அப்படிப் பார்த்தால் என்ன ஆகும்? அதுதான் ஆயிற்று. படித்து முடித்து, அவள் உடற்பயிற்சி ஆசிரியையாகவும் அவர் தச்சுவேலை ஆசிரியராகவும் அதே பள்ளிக்குத் திரும்பி வந்தார்கள்.

ஆகஸ்டில் சான் ரோகே திருவிழா. பள்ளிப் பிள்ளைகளின் ஆட்டங்களில் கடைசியாக வருவது முழுவேகத் தினிக்லிங். மற்ற ஆட்டங்களுக்குப் பிள்ளைகளே மூங்கில் பிடிப்பார்கள்; கடைசி ஆட்டத்துக்கு மட்டும் செந்தாவும் பனோயும்தான். ஒரு வருஷம் பன்றியை விற்பதா வேண்டாமா என்று சண்டை போட்டுக்கொண்டு மூன்று நாள் பேசாமல் வந்து உட்கார்ந்தார்கள். பாதி ஆட்டத்தில் பனோய் காதை மட்டும் தனியாக ஆட்டிக் காட்டினார். செந்தா சிரித்த சிரிப்பு பாட்டையும் மீறிக் கேட்டது. ஆனால் தாளம் தப்பவில்லை. மீன் சந்தையில் அதை இன்றைக்கும் சொல்வார்கள்.

போன வருஷம் ஜூன் மாதம், காலைக் காப்பியில் பனோயின் கோப்பை தட்டில் மோதிக் கிணுகிணுத்தது. இருவரும் கேட்டார்கள். செந்தா ரொட்டித் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். பிறகு வலது கையைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். பள்ளியில் அவர் அறுத்த பலகை கோணலாகப் போயிற்று. ரம்பம் மழுங்கிவிட்டது என்று சப்பைக்கட்டு கட்டினார். டாக்லோபன் நகரத்தில் டாக்டர் நோய்க்கு ஒரு பெயர் சொன்னார், மாத்திரை கொடுத்தார், இது ஏறும், இறங்காது என்றார். திரும்பி வரும் ஜீப்னி வண்டியில் பனோய் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "மூங்கில் பிடிக்கலாம்ல?"

"பிடிக்காம?" என்றாள் செந்தா.

அந்த ஆகஸ்டை எப்படியோ ஒப்பேற்றினார்கள். இந்த வருஷம் முடியவில்லை. பனோயின் கை மோதவேண்டிய நேரத்தில் மயிரிழை பிந்தியது. இரண்டு பேர் பிடித்திருப்பதும் அதே மூங்கில்தானே, ஒரு முனை பிந்தினால் மறுமுனை தனியாகப் போக முடியாது. செந்தா தன் கையையும் பிந்தவைத்தாள். ஊருக்கெல்லாம் காத்திருக்காதே என்று சொன்னவள், தானே காத்திருந்தாள். ஸ்பீக்கரில் பாட்டின் வேகத்தைக் குறைத்தாள்.

"என்ன மேம், திக்லிங்குக்கு வயசாயிடுச்சா?" என்று மூங்கில் பிடிக்கும் ஜோமார் கேட்டான். திடல் முழுக்கச் சிரிப்பு. எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தது பனோய்தான்.

'நீ எழுந்துக்கோ' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதைச் சொல்லவேண்டியவள் செந்தா. வேறு யாருக்கும் வாய் வராது. ஒவ்வொரு மாலையும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று கிளம்புவாள். அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்து, மூங்கிலைக் கையில் எடுத்ததும் முகம் தெளியும். அதைப் பார்த்ததும் சொல்ல வந்ததை மென்று விழுங்கிவிடுவாள்.

திருவிழாவுக்கு எட்டு நாள் முன்னால் ரொண்டாலியாக்காரர்கள் நரம்பு வாத்தியங்களோடு வந்தார்கள். முடிவெட்டும் கடைக்காரர்தான் அவர்களுக்குத் தலைவர்.

"கொஞ்சம் நிதானமா வாசிங்க" என்றாள் செந்தா.

"நிதானமா வாசிக்கறதுக்கு இது சாவு வீடா மேம்?" என்று சொல்லிவிட்டு அவர் வழக்கமான வேகத்தில் இறங்கினார். தலைமையாசிரியை வேறு பார்த்துக்கொண்டு நின்றாள்.

நடுவில் ஆடியவள் ஆர்ஜெலின், பத்தாம் வகுப்பு. மூன்று வருஷத்தில் ஒருதடவைகூட அடி தப்பாதவள். முதல் சுற்று போயிற்று. இரண்டாவது போயிற்று. மூன்றாவதில் பாட்டு ஏறியது. செந்தா பனோயின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கைக்காகக் காத்திருந்தாள். மூங்கில் மோதிய சத்தம் மூங்கில் சத்தமாக இல்லை.

பெண் கத்தக்கூட இல்லை. கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பனோய் மூங்கிலை விட்டுவிட்டார். அவர் கை காற்றில் தனியாக ஆடிக்கொண்டிருந்தது. என்ன ஆச்சு என்று ஓடிவந்த தலைமையாசிரியை அவரைப் பார்த்தாள், அந்தக் கையைப் பார்த்தாள். அந்த நொடியில் செந்தா வாய் கூசாமல் சொன்னாள்: "ஆர்ஜெலின், நீ சீக்கிரமா வெச்சுட்டே."

பெண் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

"ஆமா மேம். சாரி மேம்" என்றாள்.

எலும்பில் விரிசல். ஆறு வாரம் மாவுக்கட்டு. இரண்டு நாள் கழித்து செந்தா தேங்காய்ப்பாலில் வேகவைத்த சுமான் என்ற அரிசிப் பலகாரத்தை வாழையிலையில் கட்டிக்கொண்டு ஆர்ஜெலின் வீட்டுக்குப் போனாள். கருவாடு விற்கும் அம்மா செந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள். "எல்லாத்துலயும் அவசரம் மேம் இவளுக்கு. ஒங்க ஆட்டத்தையே கெடுத்துட்டா. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு ஒங்களப் பாக்கறதுன்னு இருந்தேன்."

அம்மா காப்பி போட உள்ளே போனதும் ஆர்ஜெலின் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "சார் எப்படி இருக்கார் மேம்? மாத்திரை சாப்பிடறாரா?"

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"எங்க எல்லாருக்கும் ஜூலையிலயே தெரியும் மேம். சார் கை பிந்தும்னு நாங்களும் அரை மூச்சு பொறுத்துத்தான் காலை வெச்சோம். ஸ்பீக்கர்ல சமாளிச்சுட்டோம். வாத்தியக்காரங்க வாசிச்சப்போ என்னால முடியல."

"ஏன்டி ஒருத்தர்கூட எங்கிட்ட சொல்லல?"

"நீங்க ஏன் மேம் சார்கிட்ட சொல்லல?"

குத்திக்காட்டவில்லை, உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டாள். செந்தா காப்பியை ஆறவைத்துவிட்டுக் கிளம்பினாள்.

வீட்டில் பனோய் அடுப்படியில் உட்கார்ந்து பயறு பொறுக்கிக்கொண்டிருந்தார். பாதிப் பயறு தரையில் கிடந்தது. செந்தா எதிரே பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பனோய்..."

"எழுந்துக்கோன்னு சொல்ல வந்திருக்கே. சொல்லு."

அவள் திடுக்கிட்டாள். "அந்தப் பொண்ணு ஏதாச்சும் சொல்லிவிட்டாளா?"

"அவ எதுக்கு சொல்லணும்? முப்பத்தெட்டு வருஷம் என் மூஞ்சியப் பாத்துத் தட்டினே. போன வருஷம் ஜூன்லேருந்து என் கையப் பாத்துத் தட்டறே. எனக்குத் தெரியாதா?"

செந்தா தலையைக் குனிந்துகொண்டாள்.

"மூஞ்சியப் பாக்கறதுக்குத்தான் நான் அங்க வந்து ஒக்காந்தேன் செந்தா. மூங்கிலுக்காக இல்ல. நீ கையப் பாக்க ஆரம்பிச்சப்பவே நான் எழுந்திருக்கணும். இன்னிக்கு என் மூஞ்சியப் பாப்பே, நாளைக்குப் பாப்பேன்னு ஒக்காந்துட்டேன்." அவர் ஒரு கையால் மறு கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார். "கை போனா போகுது. ஒரு சின்னப் பொண்ணு மேல பழியப் போட்டியே, எனக்காக, அதுதான் தாங்கல."

செந்தா வாய்விட்டு அழுதாள். பதினான்கு வயதில் அழுத பிறகு ஆட்டத்துக்காக அவள் அழுதது அன்றைக்குத்தான். அவர் அழவில்லை. பயறைத் தள்ளி வைத்துவிட்டு, "எனக்குப் பதிலா யாரு?" என்று கேட்டார்.

"ஜோமார்."

"அந்த மூஞ்சியவா பாக்கப் போறே? ஐயோ பாவம்" என்றார். அழுகையோடு அவளுக்குச் சிரிப்பும் வந்தது. வெகுநாள் கழித்து அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். இளைத்திருந்தது. இடது புருவத்துக்குப் பக்கத்தில் அவளுக்குத் தெரியாத ஒரு சுருக்கம் விழுந்திருந்தது. எப்போது விழுந்தது என்று தெரியவில்லை.

மறுநாள் திடலில் பிள்ளைகளை உட்காரவைத்து, தலைமையாசிரியையையும் கூப்பிட்டு, செந்தா பூசி மெழுகாமல் சொன்னாள். "ஆர்ஜெலின் கால் தப்பல. நான் காத்திருந்தேன். காத்திருந்துட்டுப் பொய்யும் சொன்னேன்." ஜோமார் எழுந்து வந்து, பனோயின் இடத்துக்குப் பக்கத்தில் நின்றான், உட்காரத் தயங்கிக்கொண்டு. அன்று சாயங்காலம் அவள் கருவாட்டுக்கார அம்மாவிடமும் போய் அதையே சொன்னாள். அந்த அம்மா கதவைச் சாத்தவில்லை. ஆனால் உள்ளே வா என்றும் சொல்லவில்லை. அது நியாயம்தான்.

சான் ரோகே திருவிழா அன்று முன்வரிசையில், மாவுக்கட்டுக் காலை ஒரு நாற்காலியில் நீட்டிக்கொண்டு ஆர்ஜெலின் இருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் பனோய், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில். அவள் கால் நீட்டியிருந்த நாற்காலியை அவர்தான் தச்சறையிலிருந்து கொண்டுவந்திருந்தார். ஆர்ஜெலினுக்குப் பதிலாக ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி நடுவில் வந்து நின்றாள். பயத்தில் உதடு வெளுத்திருந்தது.

செந்தா தரையில் உட்கார்ந்து மூங்கிலை எடுத்தாள். எதிரே ஜோமாரின் பருக்கள் நிறைந்த முகம். அதையே பார்த்தாள். முடிவெட்டுகிறவர் தலையை ஆட்டினார், நரம்புகள் அதிர்ந்தன.

முதல் சுற்று. இரண்டாவது. மூன்றாவதில் பாட்டு ஏறியது. கூட்டம் தாளத்துக்குக் கைதட்ட ஆரம்பித்தது. ஒண்ணு, ரெண்டு, மூணு. ஊரே ஒரே கையாகத் தட்டியது. முன்வரிசையிலிருந்து ஒரு கைதட்டல் மட்டும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பிந்தி வந்தது.

அத்தனை சத்தத்திலும் செந்தாவுக்கு அது தனியாகக் கேட்டது. கண்ணீர் கன்னத்தில் இறங்கி முகவாயில் தொங்கியது. துடைக்கக் கை இல்லை. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் கைதட்டலுக்காகக் காத்திருக்கவும் இல்லை.