மாதம்மாளின் கழுத்து

முப்பத்தாறு வயதில் மாதம்மாளின் கழுத்து இடப்பக்கமாகத் திருகத் தொடங்கியது. ஜமுனாமரத்தூருக்கு மேலே, அண்ணன் கோபால்சாமியின் நிலத்தை ஒட்டியே அவளுடைய சாமைக்காடும் இருந்தது. களையெடுக்கக் குனிந்தால் தலை தானாகத் திரும்பி அண்ணன் வீட்டைப் பார்க்கும்.

"இன்னாமே, எப்பப் பாரு என் வூட்டையே மொறைக்கிற?" என்று அவன் கத்துவான்.

எப்போதோ புளியமரத்திலிருந்து விழுந்தவள். அதனால் வந்த கோளாறு என்று ஊர் சொன்னது. எண்ணெய் தேய்ப்பதும் மூலிகைப் பத்துப் போடுவதுமாக இரண்டு வருடம் போனது. பிறகுதான் வேலூருக்குப் போனாள். டாக்டர் மஞ்சுளா ரத்தம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் கூடப்பிறந்தவரையும் அழைத்து வரச் சொன்னார். கோபால்சாமி முணுமுணுத்தபடி வந்தான்.

டாக்டர் தாளில் மூளையை வரைந்தார். "செய்தி கடத்துற புரதம் ஒண்ணு இருக்குங்க. மூணு துண்டு சேர்ந்தது. அதுல ஒரு துண்டுல பல வகை உண்டு. ஒரு வகை, உடம்போட அசைவை நடத்துற இந்த நடுப்பகுதியிலதான் நெறைய இருக்கும். இவங்களுக்கு அது சரியா உருவாகல. விழுந்ததால வந்ததில்ல. பரம்பரையா வர்றது. உங்களுக்கும் இருக்கலாம், உங்க பிள்ளைக்கும் இருக்கலாம். இருந்தாலும் எல்லாருக்கும் கழுத்து திரும்பாது. ரத்தம் குடுத்தா பார்த்துடலாம்."

"எங்க மூளையில ஒண்ணும் கொறையில்ல" என்று கோபால்சாமி எழுந்து வெளியே போய்விட்டான்.

பஸ் கணியம்பாடி தாண்டியதும் அவன் அவள் பக்கம் திரும்பினான். மகள் நதியாவுக்கு ஆலங்காயத்தில் மாப்பிள்ளை பார்த்து, தையில் நிச்சயம் என்று பேசி வைத்திருந்தான்.

"மரத்துலேர்ந்து வுழுந்தேன்னே சொல்லு. வேற பேச்சு வந்துச்சு, கொன்னுடுவேன்."

"ஊருக்குச் சொல்ல மாட்டேன்ணா. நதியாகிட்ட சொல்வேன். எனக்கு ரெண்டு வருசம் வீணாப் போச்சு. அவளுக்கும் போவணுமா?"

அவன் ஜன்னலுக்கு வெளியே துப்பினான்.

மறுவாரம் தண்ணீர்க்குழாயடியில் அவள் நதியாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். நதியா அதை மாப்பிள்ளையிடம் போனில் சொன்னாள். நான்கே நாளில் அவன் வீட்டார் பேச்சை முறித்தார்கள்.

அடுத்த நாள் காலை, அவளுடைய சாமைக்காட்டுக்குப் போகும் பாதையில் கோபால்சாமி முள்வேலி போட்டுக்கொண்டிருந்தான். "நீ செத்தாலும் இந்தப் பக்கம் வரமாட்டேன். நான் செத்தா நீயும் வராத" என்றான். மாதம்மாள் ஓடையைச் சுற்றிக் காட்டுக்குப் போகப் பழகினாள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேலூரில் கழுத்தில் ஊசி போட்டார்கள். சில வாரம் தலை நேராக நிற்கும். அப்படி நின்ற ஒரு நாளில் சந்தையில் நதியாவைப் பார்த்தாள்.

"ரத்தம் குடுத்தியா?"

"இல்ல. குடுக்கவும் மாட்டேன்." நதியா கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். "சொல்லுன்னு நான் உன்னைக் கேட்டேனா அத்தை?"

சொல்லிவிட்டு அவள் கூட்டத்துக்குள் போய்விட்டாள்.