மயில் எந்தப் பக்கம் பார்த்தது

வட்டவளையில் பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது சூசை மாஸ்டரின் மகள் ஸ்டெல்லா தொலைபேசியில் அழைத்தாள். "அப்பா காலையில போயிட்டாங்க சேர்" என்றாள். அவரோடு கற்பித்தவர்களும் அவரிடம் கணக்குப் படித்தவர்களும் இதை வாசிக்கக்கூடும். அவருடைய கணக்கைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது அவருடைய வீடியோ கேசட்டுகள் மட்டுமே.

ஹட்டனிலும் கினிகத்தேனையிலும் வீடியோ கடைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது அவர் பழைய கேசட்டுகளை வாங்கிச் சேர்த்தார். படத்துக்காக அல்ல; படத்துக்கு முன் வரும் வீடியோ கம்பனிச் சின்னத்துக்காக. எல்லோரும் ஓடவிட்டுத் தாண்டும் அந்தச் சிறு பகுதியைப் பார்த்துவிட்டு, படத்தின் பெயர் வந்ததும் நிறுத்திவிடுவார்.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்து அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். கேசட் மாற்றி கேசட் போட்டு நிறுத்திக்கொண்டிருந்தார். குசினியிலிருந்து அவர் மனைவி, "ஏங்க, சேர் வந்திருக்காரு, ஒரு படத்தயாவது முழுசா காட்டுங்களேன்" என்றார்.

"படம் டிவியில வரும். இது வராது" என்றார் மாஸ்டர்.

எங்கள் வாக்குவாதம் ஒரு கம்பனியின் மயில் சின்னத்தைப் பற்றியது. சில கேசட்டுகளில் அது வலப்பக்கம் பார்க்கும் அசையாத ஓவியம், சத்தமே இராது. வேறு சிலவற்றில் இடப்பக்கம் திரும்பி, வீணை ஒலியோடு தோகை விரிக்கும். வலப்பக்க மயிலே முந்தியது என்பது அவர் முடிவு. "பங்காளிங்க சண்ட போட்டுப் பிரிஞ்சிருப்பாங்க சேர். மயில தூக்கிட்டுப் போனவன் மூஞ்சிய திருப்பி வச்சிட்டான்."

எனக்கு ஊகம் போதவில்லை. மயிலின் காலடியில் இருந்த தொலைபேசி இலக்கங்களை ஒப்பிட்டேன். வலப்பக்க மயிலுக்கு ஓர் எண் கூடுதலாகத் தெரிந்தது. தொலைபேசி இலக்கங்கள் காலப்போக்கில்தான் நீண்டன; ஆகவே அது பிந்தியது என்றேன்.

"அது எண் இல்ல, கேசட் தேஞ்ச கோடு. கண்ணாடிய மாத்துங்க" என்றார்.

எங்கள் ஊர் ஈரத்தில் கேசட்டுகளுக்குப் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கியது. அவர் படுக்கையில் விழுந்த பிறகு, எல்லாவற்றையும் பென் டிரைவில் ஏற்றித் தரும்படி மருமகன் மூலம் ஒரு ஸ்டூடியோவுக்கு அனுப்பினார். "வரட்டும், பெருசாக்கிப் பாப்போம். தோத்தா ஒத்துக்கிறேன்" என்றார். அது வருமுன் போய்விட்டார்.

அடக்கத்துக்குப் பிறகு ஸ்டெல்லா பென் டிரைவை என்னிடம் தந்தாள். வரிசையாக ஒவ்வொன்றையும் திறந்தேன். எல்லாம் படத்தின் பெயரிலிருந்தே தொடங்கின. மயில் எதிலும் இல்லை.

ஸ்டூடியோ வாசலில் கொஞ்ச நேரம் தயங்கி நின்றுவிட்டு உள்ளே போனேன். அங்கிருந்த இளைஞன் சந்தோஷமாகச் சொன்னான்: "முன்னாடி கெடந்த குப்பையெல்லாம் வெட்டி சுத்தமா குடுத்திருக்கோம் சேர். கல்யாண கேசட்டுக்கும் அப்படித்தான் செய்வோம்."

கேசட்டுகள் எங்கே என்று கேட்டேன்.

"பூஞ்சணம் சேர். மெஷின் கெட்டுரும்னு வீசிட்டோம்."

நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். சொல்ல வேண்டியவை எல்லாம் பஸ்ஸில் ஏறிய பிறகே வாயில் வந்தன. இன்றுவரை அந்த ஆத்திரம் அடங்கவில்லை. யாரிடம் காட்டுவது என்றும் தெரியவில்லை. அவன் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறான்.

சூசை மாஸ்டரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது முடியாத இந்த வாக்குவாதம்தான். உங்களில் யார் வீட்டிலாவது அந்த மயில் கேசட் கிடந்தால், யாரிடமும் வெட்டக் கொடுக்காமல் எனக்குச் சொல்லுங்கள். நான் பார்த்தது எண்தான் என்று இப்போதும் நம்புகிறேன். ஆனால் அது கோடாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.