கேரம் காய்களின் மேல் நின்ற படை

மயிலாப்பூரில் ஒரு மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கும் கூடத்தில், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த பிறகு சிலர் கூடி விளையாடுவார்கள். விரல் உயரமுள்ள பிளாஸ்டிக் போர்வீரர்களை மேசையில் நிறுத்தி, பகடை உருட்டி, டேப் வைத்து அளந்து நகர்த்தும் விளையாட்டு அது. முதல் தடவை அங்கே போன அன்று, செருப்பு விடும் இடத்தைத் தாண்ட என்னால் முடியவில்லை. கையில் ஒரு எவர்சில்வர் சம்படம். உள்ளே பஞ்சுக்கு நடுவில் என் படை.

தி. நகரில் ஒரு புடவைக் கடையில் எனக்கு வேலை. வருகிறவர்கள் பிரித்துப் போட்டுவிட்டுப் போகும் புடவைகளை மடித்து அடுக்க வேண்டும். யாரிடமும் பேச வேண்டியதில்லை என்பதால்தான் இத்தனை வருடமாக அதில் இருக்கிறேன். மாம்பலத்தில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தவர் வெளிநாட்டுக்குக் கிளம்பும்போது இந்த வீரர்களை என்னிடம் கொடுத்தார். “தூக்கிப் போட மனசு வரல சார். உங்களுக்குப் பொறுமை ஜாஸ்தி, பெயிண்ட் அடிச்சுப் பாருங்க” என்றார். அந்த மழைக்காலம் முழுக்க அடித்தேன். கண் இமை வரை தீட்டினேன். அதற்குப் பிறகுதான் ஆசை வந்தது: இவர்கள் ஒரு தடவையாவது நிஜ மேசையில், நிஜ எதிரிக்கு முன்னால் நிற்க வேண்டும்.

ஒரே ஒரு குறை. கால்களுக்கு அடியில் ஒட்ட வேண்டிய தட்டுகள் டப்பாவில் இல்லை. பேஸ் என்பார்கள். சாயாமல் நிற்பதற்காக மட்டும் என்று நினைத்திருந்தேன். மாடிக்காரர் கொடுத்த நம்பருக்கு ‘வரலாமா’ என்று எழுதியபோது, கூடத்தில் இந்த ஆட்டத்தை நடத்தும் டீச்சர் பதிலுக்கு அனுப்பிய செய்தியைப் படித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. தூரத்தை அளப்பது அந்தத் தட்டின் விளிம்பிலிருந்துதானாம். தட்டு சிறியதாக இருந்தால் ஒரு எதிரியைச் சுற்றி அதிகம் பேரை நெருக்கி நிறுத்திவிடலாம். அது ஏமாற்று. காலாளுக்கு முப்பத்திரண்டு மில்லிமீட்டர் வட்டம், பெரிய உருவத்துக்கு நாற்பது, குதிரைக்காரனுக்கு நீள்வட்டம். கடைசியில், ‘அளவு மாறினால் மேசையில் ஏற்ற மாட்டோம், தவறாக நினைக்காதீர்கள்’ என்று எழுதியிருந்தார்.

அந்த வரியை மூன்று தடவை படித்தேன். ஒரு இடத்திலிருந்து திருப்பி அனுப்பினால், மறுபடி அந்தப் பக்கம் போகிற ஆள் நான் இல்லை. பேஸ் எங்கே கிடைக்கும் என்று அவரிடமே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கோட்டு பட்டனை அளந்து பார்த்தேன், மாத்திரை டப்பா மூடியை அளந்து பார்த்தேன். எதுவும் ஒத்துவரவில்லை. பிறகு பரணில் இருந்த கேரம் போர்டு நினைவுக்கு வந்தது. காயின் மேல் ஸ்கேலை வைத்தேன். முப்பத்திரண்டுக்கு ஒரு மயிரிழை குறைவு. ஸ்ட்ரைக்கர் நாற்பது பக்கம். குதிரைக்காரனுக்குப் பழைய பரீட்சை அட்டை ஒன்றை நீள்வட்டமாக அறுத்தேன். எல்லாம் ஒட்டி, விளிம்புக்குக் கறுப்படித்து, வழக்கப்படி அடியில் போரிக் பவுடர் தடவித் துடைத்து வைத்தேன். கேரம் காயை எடுத்து வைக்கும்போது எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்வோம். கை தானாகச் செய்தது.

“யாருப்பா அது, வெளியவே நிக்கறீங்க? உள்ள வாங்க” என்று டீச்சர்தான் கூப்பிட்டார். ஓய்வு பெற்றவர், கண்ணாடியைக் கழுத்தில் சங்கிலி போட்டு மாட்டியிருந்தார். சம்படத்தைத் திறந்தேன். அவர் வட்ட வட்டமாகத் துளை போட்ட ஒரு பலகையை எடுத்து, என் வீரர்களை ஒவ்வொருவராகத் துளையில் இறக்கிப் பார்த்தார். எல்லோரும் இறங்கினார்கள். “கொஞ்சம் லூசு. பரவால்ல” என்றார். கண் இமைகளை அவர் கவனித்தாரா என்று தெரியவில்லை.

எனக்கு எதிராளியாக வந்தவர் பெரிய குரல்காரர், அசோக் நகரில் ஏசி மெக்கானிக். என் ஆளைத் தன் ஆளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். என் ஆள் அரை தலை உயரமாக நின்றான். கேரம் காயின் தடிமன் என் கணக்கில் வரவே இல்லை.

“இன்னா சார் இது? உங்க ஆளுங்க எல்லாம் ஸ்டூல் போட்டு நிக்கிறானுங்க!”

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கை சம்படத்தின் மூடியைத் தேடியது.

“உயரமா நின்னா சுவருக்கு மேல எட்டிப் பார்க்கலாம். ஆனா ஒளிய முடியாது. லாபமும் நஷ்டமும் சரியாப் போச்சு, ஆடுங்க” என்றார் டீச்சர், மேசையில் நிறுத்தியிருந்த அட்டைச் சுவர்களைக் காட்டி.

ஆடினோம். பகடை ஒவ்வொரு தடவையும் என் விரலில் ஒட்டி, தாமதமாக விழுந்தது. ஆனால் என் முன்வரிசை அட்டைச் சுவரை நெருங்கிவிட்டது. அப்போது பார்த்து எதிராளி, “மேஜை ஆடிக்கினே கீது” என்று சொல்லிக் காலுக்கு அடியில் காகிதம் வைக்க மேசையின் ஓரத்தைத் தூக்கினார். பெயிண்ட் அடித்த வழவழப்பான பலகை. அவர் ஆட்கள் அசையாமல் நின்றார்கள். என் முழுப் படையும் சத்தமே இல்லாமல் வழுக்கிப் போய் அவர் ஆட்கள் மேல் மோதியது. அளந்து அளந்து நகர்த்திய இடமெல்லாம் போயிற்று.

“ஐயையோ, இன்னா நைனா இது, ஸ்கேட்டிங்கா!” என்று கத்தியவர், விழுந்து கிடந்த என் ஆள் ஒருவனைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். அடியில் வட்டக் கோடுகள். விரலில் வெள்ளைப் பவுடர். கட்டை விரலால் தேய்த்து முகர்ந்தார்.

“டீச்சர், கேரம் காயி!”

கூடமே எழுந்து வந்தது. எனக்கு வாசல் மட்டும்தான் தெரிந்தது. செருப்பை எந்தப் பக்கம் விட்டேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இத்தனை பேருக்கு நடுவில் படையைப் பொறுக்கி எடுப்பதா, அப்படியே விட்டுவிட்டு ஓடுவதா?

“அப்போ ரெட்டு மேல யாரு நிக்கிறான்?” என்று கேட்டார் எதிராளி.

பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. “தலைவன்” என்றேன். அன்று நான் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

அவர் தலைவனைத் திருப்பிப் பார்த்தார். சிவப்பு. சிரிப்பு வெடித்தது. யாரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று இன்றும் எனக்கு நிச்சயமில்லை.

“ரெட் போட்டா ஃபாலோ போடணும் டீச்சர். இவரு தலைவனை அடிச்சா உடனே இன்னொருத்தனையும் அடிக்கணும். இல்லன்னா தலைவன் திரும்ப எழுந்துக்குவான். ரூலு ரூலுதான்” என்றார் எதிராளி.

டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். “உங்களுக்குச் சம்மதமா?”

தலையாட்டினேன். வழுக்கியதை எல்லாம் டீச்சரே பழைய இடத்துக்கு அளந்து வைத்துக் கொடுத்தார். இரண்டு சுற்றில் என் தலைவன் விழுந்தான். எதிராளி ஃபாலோவுக்குப் பகடையை உள்ளங்கையில் குலுக்கியபோது எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அது வாசலில் நின்றபோது இருந்த பயம் இல்லை. பகடையில் வெறும் ஒன்றுதான் விழுந்தது. அவர் தலையில் அடித்துக்கொண்டார். என் தலைவன் எழுந்தான்.

கடைசியில் தோற்றேன். சம்படத்தில் அடுக்கும்போது டீச்சர் வந்து, “அடுத்த வாரம் அடியில உப்புத்தாள் ஒட்டிட்டு வாங்க” என்றார்.

அடுத்த வாரம் என்று சொன்னதைத்தான் பஸ்ஸில் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு வந்தேன். உப்புத்தாளும் வாங்கிவிட்டேன். சனிக்கிழமை ராத்திரி அதை ஒட்டி முடித்த பிறகும், ஒவ்வொருவனையும் திரும்பத் திரும்ப ஸ்கேல் வைத்து அளந்துகொண்டிருந்தேன்.