மூலை ஏன் முதலில் கிழிகிறது

கை ரெக்சினைப் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டு, சுண்ணக்கட்டியால் ஒரு வளைகோடு இழுக்கிறது. கத்தரி கோட்டைவிட்டு ஒரு நூல்கூட விலகாமல் போகிறது. வெட்டிய மூலைக்கு அடியில் உள்ளங்கை அகலக் கான்வாஸ் துண்டு ஒன்று வைத்து, வளைந்த ஊசியால் இரண்டு வரிசைத் தையல். மற்றவர்கள் ஓரத்தில் போடும் தையலை இந்தக் கை ஓர் அங்குலம் உள்ளே தள்ளிப் போடுகிறது.

கன்னையாவுக்கு முப்பத்து நாலு வயது. கிள்ளான் நகரில் ஒரு மோட்டார் பட்டறையின் பின்கட்டில், 1983இல், சீட் தைக்கும் தொழிலைச் சொந்தமாகத் தொடங்கியிருந்தார். அதற்கு முன் பத்து வருடம் ஒரு சீனத் தவுக்கேயிடம், அதாவது முதலாளியிடம், வேலை. “தீபாவளி வரைக்கும் உன் இடம் காலியா இருக்கும். அதுக்கப்புறம் வேற ஆள்” என்று சொல்லித்தான் தவுக்கே அனுப்பினார். அதற்குள் நிலையான வேலை ஒன்று பிடிக்க வேண்டும். இல்லையென்றால் பழைய பெஞ்சுக்கே திரும்ப வேண்டும்.

அதற்காகத்தான் தலைநகரில், பிரிக்பீல்ட்ஸ் பகுதியில், இந்திய சிறு வியாபாரிகள் மாதம் ஒருமுறை கூடும் தேநீர்க் கூட்டத்துக்குப் போனார். இரும்புக்கடை தம்புசாமிதான் அங்கே எல்லாரையும் வரவேற்பவர்.

“தம்பி, எந்த எஸ்டேட்டு?”

“பந்திங் பக்கம்ணே.”

“அட, அங்க என் சின்னம்மா மகன் கிராணியா கணக்கு எழுதிக்கிட்டு இருந்தான். அப்பா பேரு?”

“பக்கிரிசாமி. ரப்பர் பால் கொட்டாய்ல இருந்தாரு.”

அவ்வளவுதான். யார் யாருக்குச் சொந்தம், தோட்டத்தில் எந்த லயத்து வீட்டில் யார் குடியிருந்தார்கள் என்று பேச்சு ஒரு மணி நேரம் ஓடியது. கன்னையாவுக்கும் அது இனிக்கத்தான் செய்தது. கூட்டம் கலையும்போது, கறுப்புக் கைப்பையோடு ஓர் அம்மாள் அவர் பக்கம் திரும்பினார். மீனலோசனி, ரயில்வே கிளார்க்காக இருந்து இறந்த கணவர் வாங்கி விட்டுப்போன நாலு மினி பஸ்களை நடத்துபவர்.

“உங்கட தகப்பன் பால் கொட்டாய்ல இருந்தவர் எண்டு இப்ப எல்லாருக்கும் தெரியும். நீங்கள் என்ன செய்யிறீங்கள்?”

“சீட் தைக்கிறேங்க அக்கா.”

“என்ன சீட்?”

அதற்குள் யாரோ கூப்பிட, அந்த அம்மாள் போய்விட்டார்.

என்ன சீட்? கிள்ளான் திரும்பும் வழியெல்லாம் கன்னையாவுக்கு அந்தக் கேள்விதான். சோபாவா, நாற்காலியா, லோரியா? சரியான பதில் தன்னிடமே இல்லை என்று பட்டது. மறுவாரம் அந்த அம்மாளுடைய மினி பஸ்களில் மாறி மாறி ஏறி உட்கார்ந்தார். மூன்று நாள் ஏறினார். நாலு வண்டியிலும் நடுவழிப் பக்கத்து மூலைதான் கிழிந்திருந்தது. ஜன்னல் பக்கம் புதுசு போல இருந்தது. இது ஏன்?

மூன்றாம் நாள் கண்டுபிடித்தார். அன்று ஏறிய வண்டியின் கண்டக்டர் வாசுவுக்கு இரண்டு கையும் டிக்கெட்டிலும் சில்லறையிலும். வண்டி திரும்பும்போதெல்லாம் இடுப்பை அந்த மூலையில் முட்டுக்கொடுத்து நின்றான். இடுப்பில் ஒரு சாவிக்கொத்து. மற்ற வண்டிகளின் கண்டக்டர்களும் அப்படித்தான் நின்றார்கள்.

“தம்பி, அந்தச் சாவிய மறுபக்கம் மாட்டக் கூடாதா?”

“மாட்டினா அந்தப் பக்கத்து சீட் கிழியும்லா அண்ணே.”

அடுத்த மாதக் கூட்டத்தில் தம்புசாமி கன்னையாவை, தோளில் கைபோட்டு மீனலோசனியிடம் இழுத்துக்கொண்டு போனார். “அம்மா, நம்ம பந்திங் ஆளு. இவரு அப்பா...”

“அண்ணே, ஊர்க்கதைய வடை சாப்பிடும்போது பேசுவோம்” என்றார் கன்னையா. பிறகு மீனலோசனியைப் பார்த்து: “அக்கா, நான் கன்னையா. கிள்ளான்ல பஸ்ஸுக்கு சீட் தைக்கிறேன். உங்க வண்டியில நடுவழிப் பக்கத்து மூலை மட்டும் முதல்ல கிழியுது. ஏன்னு எனக்குத் தெரியும்.”

மீனலோசனி தேநீரைக் கீழே வைத்தார். “பள்ளிக்கூடப் பொடியள் பிளேட்டால கீறுறாங்கள் எண்டெல்லோ நினைச்சன்.”

“பொடியங்க இல்லக்கா. கண்டக்டர் சாவி.”

“பாவம், ரெண்டு பேரை ஏசிப் போட்டன். சரி, ஒரு சீட் தைச்சுக் கொண்டு வாங்கோ. பிறகு மற்றதைப் பேசுவம்.”

தம்புசாமி அவர் தோளிலிருந்து கையை எடுத்தார். பிறகு, “நீ சீட் தைக்கிறவனா? என் வேன் சீட்டு ரெண்டு வருசமா பஞ்சு தள்ளிக்கிட்டுக் கிடக்குது. சொல்லவே இல்லியே?” என்றார்.

“நீங்க கேக்கலியேண்ணே.”

அந்த முதல் சீட்டின் கடைசி முடிச்சைப் போட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுக்கிறார் கன்னையா. அன்று மத்தியானமே சீட் பிரிக்பீல்ட்ஸில் பஸ் நிற்கும் இடத்துக்கு வந்துவிடுகிறது. மீனலோசனி மூலையைத் தடவிப் பார்க்கிறார், தையலைத் தேடுகிறார், ஓரத்தில் அது இல்லை. கைப்பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து, மூலையில் வைத்து அழுத்தி இழுக்கிறார். வெள்ளையாக ஒரு கோடு விழுகிறது. விரலால் தேய்த்ததும் போய்விடுகிறது. இன்னொரு தடவை, கொஞ்சம் பலமாக. மூலை கிழியவில்லை.

“நாலு வண்டிக்கும் தீபாவளிக்கு முதல் முடியுமோ?”

“முடியும்க்கா.”

“வாசு, இஞ்ச வா. இதைக் கொண்டுபோய் முதல் வண்டியில, பழசைக் கழட்டிப் போட்டுப் பூட்டு.”

கன்னையா சீட்டைத் தூக்கி, மூலை அடிபடாமல் திருப்பி, வாசுவின் கையில் கொடுக்கிறார்.