ஆடி ஆடிப் படித்த இங்கிலீசு

புதுத் துணியின் கஞ்சி மணம் எங்கே வந்தாலும் எனக்கு இன்றும் நாக்கில் இங்கிலீசு ஊறும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், கண்டிக்கு அடுத்த கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் என் வாப்பாவும் அவருக்கு மூத்தவரான பெரியவாப்பாவும் நடத்திய புடைவைக் கடையின் பின்னறையில், சீத்தைத் துணிச் சுருள்களுக்கு நடுவே உட்கார்ந்துதான் நான் அந்தப் பாஷையைப் பிடித்தேன். வாப்பா கொழும்பிலிருந்து வாங்கி வந்த புத்தகத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் தமிழ் எழுத்தில் உச்சரிப்பும், கருத்தும், கூடவே ஒரு வசனமும் அச்சடித்திருந்தது.

எப்படிப் படிப்பதென்று சொல்லித்தர ஆளில்லை. நான் அறிந்த படிப்பெல்லாம் "ஓதப்பள்ளி"யில் குர்ஆன் சொல்லித்தரும் லெப்பையின் முன்னால் சப்பணமிட்டு, முன்னும் பின்னும் ஆடி, ராகம் போட்டு ஓதுவதுதான். ஆகவே இங்கிலீசையும் அப்படியே ஓதினேன். "எலிபண்ட்" என்று முன்னால் குனிந்து, "ஆனை" என்று பின்னால் சாய்ந்து, "தி எலிபண்ட் இஸ் எ பிக் எனிமல்" என்று கடைசியை இழுத்து விட்டால், சொல் ஆணி அடித்தாற்போல் நெஞ்சில் நின்றது. துணி வாங்க வந்த பெண்கள் உள்ளே ஏதோ ஓதல் நடக்கிறதென்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்கள்.

பெரியவாப்பாவுக்கு மட்டும் பொறுக்கவில்லை. "பொம்புளப் புள்ளக்கி இங்கிலீசு என்னத்துக்கு? கப்பலா ஓட்டப் போறா?" என்பார். கண்டியில் இருந்த பெண்களுக்கான இங்கிலீசுப் பள்ளிக்கூடத்தில் சேரவேண்டுமென்று நான் சோறு தின்னாமல் அழுது அடம்பிடித்தபோது, அவர்தான் தீர்ப்புச் சொன்னார்: ஒரே தடவை கூட்டிப்போய்க் காட்டுவது, அவர்கள் எடுத்தால் படிக்கட்டும், எடுக்காவிட்டால் அதோடு வீட்டுக்குள்தான், மறுபேச்சில்லை.

வாப்பாவும் அவரும் என்னைக் கூட்டிப்போனார்கள். அங்கே தலைமை ஆசிரியையான வெள்ளைக்காரத் துரைசாணி என்னை உயரமான கதிரையில் ஏற்றி வைத்து, பக்கத்தில் ஒரு தமிழ் டீச்சரையும் நிறுத்திக்கொண்டு, "எலிபண்ட்" என்றார். நான் கருத்தும் வசனமும் சொல்லவேண்டும். கால் நிலத்தில் முட்டவில்லை, அசைந்தால் விழுந்துவிடுவேன் போலிருந்தது. ஆடாமல் எனக்கு ஒரு சொல்லும் வராது என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது! "சரி, வா போவம்" என்று பெரியவாப்பா தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்தே விட்டார். இனிப் பின்னறையும் நானும்தான்.

இங்கிலீசில் ஓரெழுத்தும் அறியாத வாப்பா என் பக்கம் குனிந்தார். "எறங்கி நிலத்துல இரு மகள். பயப்படாம ஆடு."

இறங்கினேன், சப்பணமிட்டேன், ஆடினேன். சொல் வந்தது, கருத்து வந்தது. வசனத்துக்கு வந்தபோது புத்தகத்திலிருந்தது எனக்குப் போதவில்லை. எங்கள் பாலத்தடியில் தினமும் குளிக்கும் ஆனைகள் கண்ணுக்குள் வந்துவிட, எங்கள் ஆற்றில் ஆனைகள் குளிக்கின்றன என்பதை "தி எலிபண்ட்ஸ் பேத் இன் அவர் ரிவர்" என்று நானாகவே கோத்து, ராகத்தோடு இழுத்து முடித்தேன். துரைசாணி பேனையை வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். அடுத்தடுத்துச் சொற்களைக் கேட்கக் கேட்க அவர் தலையும் என்னோடு சேர்ந்து ஆடியது. கடைசியில் தமிழ் டீச்சர், "பிள்ளையைத் திங்கக்கிழமை அனுப்புங்கோ" என்றார். அன்று எனக்கு வந்த சந்தோஷம் பிறகு பெருநாளைக்கும் வந்ததில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் பெரியவாப்பா எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பாலம் வந்ததும் ஆற்றைப் பார்த்தபடி, "அந்த ஆனை வசனத்த இன்னொருக்கா சொல்லு" என்றார். பஸ் முழுவதற்கும் கேட்கச் சொன்னேன். மறுவருஷம் தன் மகள்மாரை அவரே கைப்பிடித்துக் கூட்டி வந்தார். அவர்களைப் பார்த்து எங்கள் தெருப் பெண்கள் ஒவ்வொருவராகச் சேர, வகுப்பின் கடைசி வாங்கு முழுவதும் முன்னும் பின்னும் ஆடியது.

இப்போது அந்தக் கடை இல்லை, ஆனைகள் குளிப்பதையும் காணோம், பேரப்பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு கல்லுப்போல் உட்கார்ந்து படிக்கிறார்கள். போன மாதம் கண்டியில் ஒரு இளம் லேடி டொக்டர் எனக்கு என்ன செய்கிறதென்று இங்கிலீசில் கேட்டாள். பதில் சொல்ல வாயெடுத்தேன். உடம்பு தானாக முன்னால் குனிந்துவிட்டது. அவள் காதிலிருந்த குழாயைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தாள்.

"நீங்க கட்டுகஸ்தோட்டையா? எங்க உம்மாவும் இங்கிலீசு பேசினா இப்பிடித்தான் ஆடுவா."