சவுரியம்மாள் கரியில் ஓடிய பஸ்

சவுரியம்மாளை எந்த பஸ்காரனும் உள்ளே உட்கார விட்டதில்லை. ஆம்பூரிலிருந்து வேலூருக்குப் போக அவள் வந்து நின்றால், கண்டக்டர் முதலில் அவள் புடவையைத்தான் பார்ப்பான். கரி ஏறிய புடவை. எத்தனை தடவை அடித்துத் துவைத்தாலும் போகாத கறுப்பு. "பின்னாடி மூட்டைங்களோட நில்லும்மா, ஸீட்டு பாழாய்டும்" என்பான். அவளும் தோல் கட்டுகளுக்கும் கோழிக் கூடைகளுக்கும் நடுவில் முப்பது மைல் நின்றுகொண்டே போவாள். கோபம் வராதா என்று கேட்டால், வரும். வண்டி வண்டியாக வரும். அவள் அதை யாரிடமும் காட்டமாட்டாள், மறுநாள் கரி சுடும் மூட்டத்தில் இரண்டு ஆள் வேலையை ஒரே ஆளாகச் செய்து தீர்ப்பாள்.

மாதனூர் பக்கம் ஒரு சின்னக் குடியிருப்பில் பிறந்தவள். கட்டியவன் கோலார் தங்க வயலுக்கு வேலைக்குப் போனான். முதல் வருஷம் கடுதாசி வந்தது, அப்புறம் அதுவும் நின்றுபோனது. அழுது ஓய்ந்ததும் ஆம்பூர் தோல் தொழிற்சாலை ஒன்றில் பட்டை உரிக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். தோல் பதனிடக் கருவேலம்பட்டை வேண்டும். பட்டையை உரித்தபின் மொட்டையாகக் கிடக்கும் கட்டையை யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை. வெட்டி வந்தவர்கள் அடுப்புக்கு அள்ளிக்கொண்டு போவார்கள். ஊரே கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கட்டையைச் சவுரியம்மாள் ஒருத்திதான் மனசால் பார்த்தாள். இருபத்தைந்து வயதில் பாலாற்றங்கரையில் தன் முதல் மூட்டத்தைப் போட்டாள்.

மூட்டம் போடுவது என்றால் கட்டைகளைக் குவித்து, மேலே தழை பரப்பி, மண் பூசி மூடி, உள்ளே நெருப்பை வைத்துவிட்டுக் காத்திருப்பது. காற்று கொஞ்சம் ஜாஸ்தியானால் எல்லாம் சாம்பல். கம்மியானால் பாதி வெந்த கட்டை. அவள் புகையின் நிறத்தைப் பார்த்தே துளையைத் திறப்பாள், அடைப்பாள். கரி ஆறியதும் இரண்டு துண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டுவாள். வெண்கலம் மாதிரி 'டங்'கென்று கேட்டால்தான் அது விற்பனைக்குப் போகும். மற்றதை வீட்டு அடுப்புக்கு வைத்துக்கொள்வாள். நாற்பத்தைந்து வயதாகும்போது அவளுக்கு எட்டு மூட்டங்கள் இருந்தன, கூட வேலை செய்யப் பதின்மூன்று பெண்கள் இருந்தார்கள். கொல்லன், இஸ்திரிக்காரன், டீக்கடைக்காரன் எல்லோரும் "சவுரியம்மா கரி" என்று பெயர் சொல்லித்தான் கேட்டு வாங்கினார்கள். அவளுக்கென்று இருந்த சொத்து அந்தப் பெயர் ஒன்றுதான்.

1939-ல் சண்டை மூண்டது. சண்டை நடந்தது எங்கேயோ. பேஜார் வந்தது ஆம்பூர் பஸ்களுக்கு. பெட்ரோல் டின்கள் இந்த வாரம் வந்தால் அடுத்த வாரம் வராது. ஊரில் இரண்டு பஸ் வைத்திருந்த ஷபீ அஹமது சாயபு புதுசாக எதையும் செய்து பார்க்கத் துணிகிற மனுஷர். பெங்களூருக்குப் போய் ஆள் உயர இரும்பு டிரம் ஒன்றை வாங்கி வந்து, ஒரு பஸ்ஸின் முதுகில் மாட்டிவிட்டார். டிரம்முக்குள் கரி எரியும். அதில் கிளம்பும் வாயு குழாய் வழியாக இஞ்சினுக்குப் போகும். பெட்ரோல் செய்கிற வேலையை அது செய்யும். புறப்படும்போது இஞ்சினை உசுப்ப மட்டும் ஒரு கரண்டி பெட்ரோல் போதும்.

பெட்ரோல் ஏஜெண்டு பச்சையப்பன் இதைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நெற்றி நிறையப் பட்டை பட்டையாகத் திருநீறு பூசிய மனுஷர். வாய் மட்டும் சும்மா இருக்காது. "அடுப்பை முதுகுல கட்டிக்கினு வண்டி ஓடுமா? அப்படியே ஒரு சட்டியையும் வச்சிடுங்க சாயபு, வேலூர் போறதுக்குள்ள பிரியாணி வெந்துடும்" என்றார். சாயபு அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நேரே சவுரியம்மாளிடம் போனார்.

"தட்டினா மணி மாதிரி கேக்கணும். அந்தக் கரிதான் வேணும்" என்றார்.

"என்கிட்ட வேற கரியே கிடையாது சாயபு" என்றாள் அவள்.

ஒரு மாதம் பஸ் பறந்தது. டிரைவர் அருணகிரி, "அக்கா, உன் கரியை அள்ளிப் போட்டா வண்டி சொன்ன பேச்சு கேக்குது" என்று வழியெல்லாம் அவள் புகழ் பாடினான். அப்புறம் ஐப்பசி மழை பிடித்தது, கூடவே சனியனும் பிடித்தது. ஒரு நாள் மாதனூர் தாண்டி மேட்டில் பஸ் நின்றுவிட்டது. அடுத்த வாரம் அதே மேட்டில் இன்னொரு தடவை. மூன்றாவது தடவை நடுவழியில், கொட்டுகிற மழையில் நின்றது. கல்யாணத்துக்குப் போன கூட்டம் முகூர்த்தம் முடிந்து பந்தியும் முடிந்த பிறகு போய்ச் சேர்ந்தது. அவர்கள் திட்டிய திட்டு ஆம்பூர் வரைக்கும் கேட்டது.

"கரியில கல்லைக் கலந்துட்டா. டிரம்முக்குள்ள பாறை பாறையா கட்டுதாம்" என்று பச்சையப்பன் கடை கடையாகச் சொல்லிக்கொண்டு போனார். கொல்லன் அந்த வாரம் கரி வாங்கவில்லை. டீக்கடைக்காரன் மூட்டையைப் பிரித்துத் துழாவிப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினான். சாயபு கூப்பிட்டனுப்பினார். அவருக்கும் மனசு கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிட்டார்.

"வர்ற திங்கக்கெழம கடைசித் தடவைம்மா. அன்னிக்கும் நின்னுச்சுன்னா டிரம்மைக் கழட்டிடுவேன். அப்புறம் உன் கரி எனக்கு வேணாம்."

சவுரியம்மாள் நேரே பஸ் ஷெட்டுக்கு நடந்தாள். "அருணகிரி, அடுப்பைத் திற" என்றாள். அவன் கீழ்க்கதவைத் திறந்து கம்பியால் குத்தி இழுத்தான். தேங்காய் மூடி அளவுக்குக் கறுப்பாக, கண்ணாடி மாதிரி பளபளக்கும் ஒரு கட்டி வந்து விழுந்தது. கொல்லன் உலையில் இரும்புக்கு அடியில் சேருமே, அந்தக் கிட்டம். அது காற்று போகும் வழியை அடைத்துக்கொண்டதால்தான் பஸ் மூச்சு முட்டி நின்றிருக்கிறது. அது கல்லில்லை என்று தொட்டதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தன் கரியில் அது எப்படி வந்தது என்பதுதான் தெரியவில்லை.

மூட்டத்திலிருந்து அப்போதுதான் எடுத்த கரியை ஓர் அடுப்பிலும், பஸ் மூட்டையில் மிச்சமிருந்த கரியை இன்னோர் அடுப்பிலும் போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் பற்றவைத்தாள். முதல் அடுப்பு சத்தம் போடாமல் நீலமாகக் கனன்றது. இரண்டாவது அடுப்பு படபடவென்று வெடித்தது, தீ மஞ்சள் மஞ்சளாக எழும்பியது. ஒரே மரம், ஒரே மூட்டம், ஒரே கை. பஸ் மூட்டைக் கரியில் ஒரு துண்டை எடுத்து நாக்கில் வைத்தாள். கரித்தது.

உப்பு!

அவள் மெதுவாகத் திரும்பிச் சாக்கைப் பார்த்தாள். பச்சைத் தோல் அழுகாமலிருக்கத் தோல் மண்டிகளில் கல்லுப்பு தூவுவார்கள். உப்பு வரும் சாக்குகள் காலியானதும் மண்டி வாசலில் மலையாகக் கிடக்கும். கேட்டவர்கள் கேட்ட அளவு எடுத்துக்கொள்ளலாம். ஆம்பூரில் வேர்க்கடலை கட்டுவதும் அதில்தான், குடிசைக் கூரையில் ஒழுகும் இடத்தை மூடுவதும் அதில்தான், மழைக்குத் தலையில் போட்டுக்கொள்வதும் அதுதான். சாயபு முதல் மாதம் கொடுத்த புதுச் சாக்குகள் கிழிந்ததும் அவளும் வழக்கப்படி உப்புச் சாக்கைத்தான் எடுத்திருந்தாள். வெயில் நாளாக இருந்தால் பிழைத்துக்கொண்டிருப்பாள். மழை ஈரத்தில் சாக்கிலிருந்த உப்பு கரைந்து கரிக்குள் இறங்கிவிட்டது. டிரம்மின் சூட்டில் அது சாம்பலோடு உருகிக் கிட்டமாகக் கட்டிவிட்டது.

வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. கரியைத் தட்டித் தட்டிப் பார்த்தவள், சாக்கை ஒரு தடவை முகர்ந்துகூடப் பார்க்கவில்லையே! வேறொருத்தியாக இருந்தால் சாக்கை மட்டும் மாற்றிவிட்டுக் கமுக்கமாக இருந்திருப்பாள். இவள் நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போய், பச்சையப்பனும் இருக்கும்போதே சாயபுவிடம், "தப்பு என்னுது சாயபு. கரி நல்ல கரி. சாக்குதான் உப்புச் சாக்கு. நான்தான் பாக்கல" என்றாள்.

"பாத்தீங்களா, அவளே ஒத்துக்கிட்டா!" என்றார் பச்சையப்பன். அவர் காதில் முதல் பாதி மட்டும்தான் விழுந்திருந்தது.

சாயபு, "திங்கக்கெழம பாக்கலாம்" என்றார்.

இருந்த பஸ் கரியை முழுவதும் ஒதுக்கினார்கள். பதின்மூன்று பெண்களும் உட்கார்ந்து புதுக் கரியைத் தூள் போகச் சலித்து, ஒவ்வொரு துண்டாகத் தட்டிப் பார்த்து, மூங்கில் கூடைகளில் நிரப்பினார்கள். மேலே மூடப் பனையோலைப் பாய். உப்புச் சாக்கின் நூல்கூட அந்தப் பக்கம் வரக்கூடாது என்று சவுரியம்மாள் உத்தரவு.

திங்கட்கிழமை காலையில் பஸ்ஸில் ஏறத் துணிந்தவர்கள் ஏழு பேர். இஞ்சினை உசுப்ப ஒரு கரண்டி பெட்ரோல் கேட்டு அருணகிரி போனபோது ஏஜெண்டு கடை பூட்டிக் கிடந்தது. சரக்கு வரவில்லையாம். விசாரிக்கப் பச்சையப்பன் விடியற்காலையில் போகும் முதல் பெட்ரோல் பஸ்ஸிலேயே வேலூர் கிளம்பிவிட்டாராம்.

"இன்னாக்கா பண்றது?" என்று தலையைச் சொறிந்தான் அருணகிரி.

"காத்தாடியைச் சுத்து. கரியிலேயே கிளம்பட்டும்."

டிரம்முக்குக் காற்றடிக்கும் காற்றாடியை அவன் சுற்றினான், கை ஓய்ந்தது. சவுரியம்மாள் பிடியை வாங்கிக்கொண்டாள். கட்டை சுமந்த கை அது. தோள் கழன்று விழும்போல் வலித்தது, அவள் விடவில்லை. வாயு தயார் என்று சொல்வதுபோல் குழாய் வாயில் நீலத் தீ நின்று எரிந்தது. "இப்ப இஞ்சினை அடி!" என்று கத்தினாள். இஞ்சின் ஒரு தடவை இருமியது, இரண்டு தடவை இருமியது, பிறகு கடகடவென்று பிடித்துக்கொண்டது. ஒரு சொட்டு பெட்ரோல் இல்லாமல் பஸ் ஆம்பூரை விட்டுப் புறப்பட்டது.

அவள் வழக்கம்போலப் பின்னால் கூடைகளோடு நின்றாள். மாதனூர் மேடு வந்தபோது கர்த்தரையும் மாதாவையும் ஒன்றாகக் கூப்பிட்டாள். பஸ் முனகியது, ஊர்ந்தது, ஏறிவிட்டது. ஏழு பேரும் கை தட்டினார்கள்.

பள்ளிகொண்டாவில்தான் தமாஷ். முதல் பஸ் பெட்ரோல் தீர்ந்துபோய்ச் சாலை ஓரத்தில் நின்றுகொண்டிருந்தது. அதன் கூட்டமெல்லாம் முண்டியடித்துக்கொண்டு கரி பஸ்ஸில் ஏறியது. கடைசியாக, மடித்துக் கட்டிய வேட்டியோடு வந்தார் பச்சையப்பன். உள்ளே இடமில்லை.

"பின்னாடி கூடைங்களோட நில்லுங்க சார்" என்றான் கண்டக்டர்.

சவுரியம்மாள் நகர்ந்து இடம் கொடுத்தாள். "வாங்கண்ணே. பாத்து, வேட்டியில கரி படும்." வேலூர் வரைக்கும் அவர் வாயைத் திறக்கவில்லை. பெட்ரோல் ஏஜெண்டு வாயை மூடவைத்த பெருமையும் கரிக்குத்தான் சேரும்.

வேலூர் ஸ்டாண்டில் பஸ் நின்றதும் அவள் முதல் ஆளாகக் குதித்து டிரம்மின் கீழ்க்கதவைத் திறந்தாள். கம்பியை விட்டுத் துழாவினாள். கிட்டம் இல்லை. கட்டி இல்லை. மாவு மாதிரி வெள்ளைச் சாம்பல் மட்டும் வந்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆறியிருந்த ஓரத்திலிருந்து ஒரு கை அள்ளினாள். கூட்டத்தில் ஒவ்வொருவரிடமும் காட்டிக்கொண்டே வந்து, "கல்லுன்னு சொன்னீங்களே, நீங்களே பாத்துக்குங்கண்ணே" என்று பச்சையப்பன் கையில் ஒரு சிட்டிகை வைத்தாள்.

ஐம்பது வருஷப் பழக்கம் லேசில் விடுமா? உள்ளங்கையில் வெள்ளைச் சாம்பல் விழுந்ததும் பச்சையப்பன் "சிவ சிவா" என்று பக்தியோடு எடுத்து நெற்றி நிறையப் பூசிக்கொண்டார். பூசி முடித்த பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. ஸ்டாண்டே இடிந்து விழும்படி சிரித்தது. முதலில் முறைத்தவர், பிறகு தானும் சிரித்துவிட்டார். "நல்லாத்தான் எரிஞ்சிருக்கு" என்றார்.

சாயபு டிரம்மைக் கழற்றவில்லை. அடுத்த மாதம் இரண்டாவது பஸ்ஸுக்கும் ஒன்று வாங்கினார். கொல்லன் தானே மூட்டத்துக்கு வந்து கரி வாங்கிப் போனான்.

அதெல்லாம் பிறகு. அந்தத் திங்கட்கிழமை ஆம்பூர் திரும்பும்போது சவுரியம்மாள் பழையபடி பின்னால் ஏறப் போனாள். கண்டக்டர் ஓடி வந்து தடுத்தான். டிரைவருக்குப் பக்கத்து முன் ஸீட்டைத் தோளில் கிடந்த துண்டால் தட்டிவிட்டு, "இங்க உக்காரும்மா" என்றான்.

"ஸீட்டு கறுத்துடும்பா" என்றாள் அவள்.

"கறுக்கட்டும்" என்றான் அருணகிரி.

அவள் உட்கார்ந்தாள். ஸீட்டு நன்றாகவே கறுத்தது.