மஸ்கட்டின் வாரத்தில் வாழ்ந்தவள்

ஹைதராபாத் லல்லாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் எல்லோருக்கும் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. ஸ்டெல்லாவுக்கு மட்டும் வியாழனும் வெள்ளியும். ஊரே பூசைக்குக் கிளம்பும்போது அவள் டிபன் டப்பாவோடு பேகம்பேட்டைக்கு பஸ் பிடிப்பாள்.

"ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு வராத வேதக்காரிய நான் இங்கதான் பாக்குறேன்" என்று மாமியார் ஆரோக்கியமேரி வாசல்வரை வந்து சொல்லுவாள்.

"சாயங்காலமா போய் சாமிகிட்ட தனியா பேசிக்கிறேன் அத்தை. கூட்டமும் இருக்காது."

பங்குச் சந்தைச் செய்தியும் விலையும் போடும் ஒரு வெப்சைட்டில் அவளுக்கு வேலை. உலகத்துச் சந்தைகளில் ஆளுக்கொன்று பார்ப்பார்கள். அவள் கையில் மஸ்கட். எந்தப் பங்கு ஏறியது, எது இறங்கியது, எந்தக் கம்பெனி என்ன சொன்னது என்று அன்றன்றைக்கு ஏற்ற வேண்டும். அப்போதெல்லாம் அந்த ஊருக்கு வியாழனும் வெள்ளியும் வார விடுமுறை என்பதால் அவளுக்கும் அதே. அமெரிக்கச் சந்தையைத் தருகிறோம், சம்பளமும் கூடும் என்று கூப்பிட்டுப் பார்த்தார்கள். அசையவில்லை.

ஏன் அசைவாள்? அவள் புருஷன் தேவசகாயம் மஸ்கட்டில் அல்லவா ஏசி மெக்கானிக்! அவனுக்கு லீவு என்றால் அவளுக்கும் லீவு. வெள்ளிக்கிழமை காலையில் இருவரும் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, அவரவர் அடுப்படியில் வெங்காயம் நறுக்கியபடி பேசுவார்கள். போதுமா என்றால் போதாதுதான். அதுவும் இல்லாவிட்டால்? மற்ற நாட்களில், சந்தை திறந்து திரையில் முதல் விலை அசையும்போது, அவன் ஊரே கண் திறந்து தன்னைப் பார்ப்பது போல அவளுக்கு மனசு பொங்கும்.

ஒரு வருஷம் அவன் டிசம்பரில் ஒரு மாத லீவில் வந்தான். கல்யாணத்துக்குப் பிறகு அவன் வீட்டில் இருக்கும் முதல் கிறிஸ்துமஸ். பார்த்தால், அன்றைக்கு மஸ்கட் சந்தைக்கு விடுமுறை கிடையாது. லீவு கேட்டுப் போனாள்.

"மஸ்கட்தான் வேணும்னு அடம்பிடிச்சது யாரும்மா?" என்றார் மேலாளர் சுந்தரேசன். அவள் தன் இடத்துக்குத் திரும்பினாள்.

லண்டன் சந்தை பார்க்கும் அப்துல் காதர் நாற்காலியோடு உருண்டு வந்தான். "டென்ஷன் நக்கோ அக்கா, கவலைய விடுங்க. அன்னைக்கு லண்டனுக்கு லீவு. உங்க மஸ்கட்ட நான் பாத்துக்கிறேன். கேக் மட்டும் பெரிய துண்டா வரணும், உங்க மாமியார் வெட்டுற சைஸ்ல வேணாம்."

கிறிஸ்துமஸ் அன்று புருஷன் பக்கத்தில் நின்று பூசை கண்டாள். வீட்டுக்கு வந்து அவனுக்குக் கறி பரிமாறும்போது கண் தானாகச் சுவர்க் கடிகாரத்துக்குப் போனது.

"யாருடி வர்றாங்க?"

"இப்ப மஸ்கட் திறந்திருக்கும்."

"நான் இங்க உக்காந்திருக்கேன். அங்க யாரு இருக்கா உனக்கு?"

சிரிக்கத்தான் பார்த்தாள், அழுகை வந்துவிட்டது. கரண்டியைக் கீழே வைத்தாள். அப்போதுதான் அவன் கை வாட்ச் கண்ணில் பட்டது. ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. வந்து இத்தனை நாளாகியும் அவன் மாற்றவில்லை.

"நீங்களும் அங்கேதான் இருக்கீங்க."

"ஒரு மாசந்தானே? திரும்ப மாத்தணும், எதுக்குன்னு..."

"கழட்டுங்க."

"சாப்பிட்டுட்டு..."

"கழட்டுங்கன்னா!"

எச்சில் கையோடு அவன் உட்கார்ந்திருக்க, அவளே கழற்றி, முள்ளைத் திருகி ஹைதராபாத் நேரத்துக்குக் கொண்டுவந்து மாட்டிவிட்டாள். "போறப்ப மாத்திக்குங்க" என்றாள்.

ஜனவரியில் போனான். முதல் வெள்ளிக்கிழமை போன் வந்தது. அங்கே மணி என்ன என்று கேட்டாள், தெரியாதவள் போல.

"செல்லுல பாத்துச் சொல்லணும்" என்றான். "வாட்ச் உன் நேரத்துலதான் ஓடுது."

மறுநாள் சனிக்கிழமை. ஸ்டெல்லா டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு, மஸ்கட் திறப்பதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று பஸ்ஸுக்கு ஓடினாள்.